பழைய கணக்கை எந்த விகிதத்தில் மாற்றுவது?

ஆட்சி மாறினாலும் சரி, நாணயம் மாறினாலும் சரி, பேச்செல்லாம் புதியதைப் பற்றித்தான் இருக்கும். புதிய அரசமைப்பு, புதிய நோட்டு, புதிய விலைப்பட்டியல். ஆனால் மாற்றம் நிலைக்கிறதா, இரண்டே வருடத்தில் கவிழ்கிறதா என்பதைத் தீர்மானிப்பது பழைய வாக்குறுதிகள். போன வருடம் பேசி முடித்த சம்பளம், பத்து வருடத்துக்கு முன் வாங்கிய வீட்டுக்கடன், முதுமைக்கென்று வங்கியில் போட்டுவைத்த சேமிப்பு, ஓய்வூதியத்தை நம்பிச் சேர்ந்த அரசு வேலை. இவற்றை எந்த விதிப்படி, எந்தத் தேதியில், என்ன விகிதத்தில் புதிய கணக்குக்குக் கொண்டுவருகிறார்கள்? சட்டத்தின் இந்தப் பகுதியைத்தான் யாரும் படிப்பதில்லை. படித்தால், அடுத்து யார் தெருவில் இறங்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள பிரேசிலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1986க்கும் 1994க்கும் இடையில் அந்த நாடு பணவீக்கத்தை நிறுத்த ஆறு திட்டங்களைப் போட்டது. ஐந்து தோற்றன. ஆறாவது ஜெயித்தது. நாடும் அதுதான், நோயும் அதுதான். மாறியது மருந்து கொடுத்த முறை.

முதல் திட்டம் 1986 பிப்ரவரி 28 அன்று வந்தது. அதிபர் ஜோசே சார்னி ஆயிரம் க்ருஸெய்ரோவை ஒரு க்ருஸாடோ ஆக்கினார். மூன்று சுழியங்கள் போயின. எல்லா விலைகளும் அன்றைய நிலையிலேயே உறைய வைக்கப்பட்டன. சம்பளங்களை முந்தைய ஆறு மாதங்களின் சராசரி வாங்கும் திறனுக்கு மாற்றி, மேலே 8 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். விலையேற்றம் 20 சதவீதத்தைத் தொட்டால் சம்பளம் தானாக உயரும் என்ற விதியும் சேர்ந்தது. மக்கள் கொண்டாடினார்கள். ‘சார்னியின் கண்காணிப்பாளர்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்டு, விலைப்பட்டியலும் கையுமாகக் கடைகளுக்குள் போய், விலை ஏற்றியவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள்.

எங்கே தவறியது? விலையை உறைய வைத்த அந்த ஒரு நாளில். மாதம் 15 சதவீதம் விலை ஏறும் ஊரில் இரண்டு வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் விலையைத் திருத்துவார்கள். ஒருவர் நேற்றுத் திருத்திவிட்டார். இன்னொருவர் நாளை திருத்த இருந்தார். நேற்றுத் திருத்தியவரின் விலை 100 என்றால், மற்றவர் வைத்திருக்கும் விலையின் உண்மையான மதிப்பு வெறும் 66. சாதாரண நாட்களில் இருவரும் ஏறி இறங்கி சராசரியில் சமமாகிவிடுவார்கள். உறைய வைத்த கணத்தில், ஒருவர் உச்சத்திலும் மற்றவர் பள்ளத்திலும் நிரந்தரமாக மாட்டிக்கொண்டார்கள். பள்ளத்தில் மாட்டியவர் என்ன செய்வார்? சரக்கை வெளியே விடமாட்டார், அல்லது ரசீது இல்லாமல் மேலே பணம் கேட்பார். பிரேசிலில் இரண்டும் நடந்தன. இறைச்சி கடைகளிலிருந்து காணாமல் போனது. மேய்ச்சல் நிலத்தில் நின்ற மாடுகளை அரசே பறிமுதல் செய்யும் அளவுக்குப் போனது. இதற்கு நடுவே கூட்டிக் கொடுத்த சம்பளம் தேவையைக் கிளப்பியது. அரசின் வரவுசெலவில் இருந்த ஓட்டையை யாரும் தொடவே இல்லை. நவம்பர் தேர்தல் முடிந்ததும் விலைகள் உடைத்துக்கொண்டு ஏறின.

விலை உறைவு எங்குமே வேலை செய்யாது என்று இதிலிருந்து முடிவுக்கு வருவது அவசரம். 1985 ஜூலையில் இஸ்ரேலும் விலையை உறைய வைத்தது. ஆனால் அதே நாளில் மானியங்களை வெட்டியது, நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது, உண்மைச் சம்பளம், அதாவது சம்பளத்தின் வாங்கும் திறன், சிறிது குறையட்டும் என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஹிஸ்டட்ரூட்டிடம் ஒப்புதலும் வாங்கியது. முந்தைய வருடம் 400 சதவீதத்துக்கும் மேல் ஓடிய பணவீக்கம் அடுத்த வருடம் 20 சதவீத அளவுக்கு வந்தது. ஓட்டையை அடைக்கும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது வேறு, அடைக்காமலே தடுப்பது வேறு.

பிரேசிலின் நான்காவது முயற்சி இன்னும் மோசம். 1990 மார்ச்சில் அதிபராகப் பதவியேற்ற ஃபெர்னாண்டோ கோலோர், மறுநாளே வங்கிக் கணக்குகளை முடக்கினார். 1989இல் வந்த ‘புதிய க்ருஸாடோ’ நாணயத்தில் 50,000க்கு மேல் இருந்த பணமெல்லாம் 18 மாதங்களுக்கு அரசிடம் அடைபட்டது. அதற்குப் பிறகு தவணையாகத்தான் திரும்பும். வீடு விற்ற பணத்தை அதற்குச் சில நாள் முன் கணக்கில் போட்டவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பணவீக்கம் சில வாரங்கள் அடங்கிவிட்டுத் திரும்பி வந்தது. போன நம்பிக்கை மட்டும் திரும்பவில்லை. அதன்பின் வந்த எந்த நிதியமைச்சரைப் பற்றியாவது வதந்தி கிளம்பினாலே, உறைவுக்கு முன் முந்திக்கொள்ளலாம் என்று எல்லோரும் விலையை ஏற்றினார்கள். உறைவு வரும் என்ற பயமே பணவீக்கத்தை ஓட்டும் எந்திரமாகிவிட்டது.

1993 மே மாதம் ஃபெர்னாண்டோ என்ரிகே கார்டோசோ நிதியமைச்சரானார். அவர் சமூகவியலாளர், பொருளாதார நிபுணர் அல்ல. பெர்சியோ அரிதா, ஆந்திரே லாரா ரெசெந்தே, எட்மார் பாஷா, குஸ்தாவோ ஃபிராங்கோ, பெத்ரோ மலான் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டார். இவர்களில் சிலர் 1986 திட்டத்திலும் பங்கெடுத்தவர்கள். அது எங்கே உடைந்தது என்பதை உள்ளிருந்து பார்த்தவர்கள். இந்தக் குழு எடுத்த முதல் முடிவு: உறைவு இல்லை, பறிமுதல் இல்லை, திடீர் அறிவிப்பு இல்லை. என்ன செய்யப் போகிறோம் என்பதை மாதக்கணக்கில் முன்பே பகிரங்கமாகச் சொல்லிவிடுவது.

வரவுசெலவுத் திட்டத்தில் இருந்துதான் தொடங்கினார்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. பிரேசிலில் வரிகள் விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி கட்டப்பட்டிருந்தன. செலவினங்களோ வருடத் தொடக்கத்தில், விலையேற்றத்தோடு உயராத பெயரளவுத் தொகையாக ஒதுக்கப்பட்டன. ஒரு துறைக்குத் தர வேண்டிய பணத்தை மூன்று மாதம் தாமதித்தால் போதும், அதன் பாதி மதிப்பு கரைந்துவிடும். அதாவது பணவீக்கமே அரசின் பற்றாக்குறையை மறைத்து வந்தது. பணவீக்கம் நின்ற மறுநாள் அந்தப் பற்றாக்குறை முழு உருவத்தில் வெளியே வரும். அதனால் 1994 தொடக்கத்தில் அரசமைப்பைத் திருத்தி, குறிப்பிட்ட செலவுகளுக்கென்று கட்டிவைக்கப்பட்டிருந்த வருவாயில் 20 சதவீதத்தை விடுவித்தார்கள். ‘சமூக அவசரகால நிதி’ என்று அதற்குப் பெயர். வெறும் தற்காலிக ஏற்பாடுதான். அது இல்லாமல் மற்றதெல்லாம் காகிதமாகவே இருந்திருக்கும்.

அடுத்தது யுஆர்வி. ‘உண்மை மதிப்பு அலகு’ என்று சொல்லலாம். 1994 மார்ச் 1 அன்று பிறந்தது. இதற்கு நோட்டு கிடையாது, காசு கிடையாது. மத்திய வங்கி தினமும் ஒரு யுஆர்வி இத்தனை க்ருஸெய்ரோ ரியல் (அப்போது புழக்கத்தில் இருந்த நாணயம்) என்று அறிவிக்கும், அவ்வளவுதான். முதல் நாள் மதிப்பு 647.50. விலைக் குறியீடுகளைப் பின்தொடர்ந்து நாள்தோறும் அது ஏறிக்கொண்டே போனது. கிட்டத்தட்ட ஒரு அமெரிக்க டாலரின் மதிப்பில் நின்றது. கடையில் விலை யுஆர்வியில் எழுதியிருக்கும், கல்லாவில் அன்றைய விகிதப்படி பழைய நோட்டைக் கொடுப்பீர்கள். பழைய நோட்டில் விலை மாதம் 40 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும்போது, யுஆர்வியில் அதே விலை அப்படியே நிற்கும். பல வருடங்களாக அசையாத விலை என்ற ஒன்றையே பார்க்காத மக்கள், நான்கு மாதம் அதைப் பார்த்துப் பழகினார்கள்.

சம்பளத்தை மாற்றியது இப்படி. 1993 நவம்பர் முதல் 1994 பிப்ரவரி வரையான நான்கு மாதச் சம்பளங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அந்தந்த மாதத்துக்குக் கணக்கிட்ட யுஆர்வி மதிப்பால் வகுத்து, சராசரி கண்டார்கள். புரிவதற்காக எண்களை எளிமையாக்கிக்கொள்வோம். ஒருவரின் சம்பளம் முதல் இரண்டு மாதம் 40,000, அடுத்த இரண்டு மாதம் 80,000. யுஆர்வி மதிப்பு வரிசையாக 200, 250, 400, 500. வகுத்தால் 200, 160, 200, 160. சராசரி 180. இனி அவருக்கு மாதம் 180 யுஆர்வி. சம்பளம் கைக்கு வரும் நாளில் ஒரு யுஆர்வி எத்தனை க்ருஸெய்ரோ ரியலோ, அத்தனை மடங்கு.

தொழிற்சங்கங்கள் உச்சத்தை, அதாவது நம் கணக்கில் 200ஐ, கேட்டன. அந்தக் கோரிக்கை புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் எல்லோருடைய உச்சமும் ஒரே நாளில் வருவதில்லை. ஒருவர் உச்சத்தில் இருக்கும்போது இன்னொருவர் பள்ளத்தில் இருந்ததால்தான் கணக்கு சமாளிக்கப்பட்டது. எல்லோரையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிறுத்தினால், கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளின் கூட்டுத்தொகை நாட்டின் உற்பத்தியைத் தாண்டிவிடும். மிச்சத்தைப் புதிய நாணயத்தின் பணவீக்கம் தின்னும். சராசரிதான் தாங்கக்கூடிய எண். இந்த ஒரு விஷயத்தை மக்களுக்கு விளக்க அந்தக் குழு செலவிட்ட உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

விலைகளுக்கு அரசு எந்த விதியும் போடவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் நேரத்தில் யுஆர்விக்கு மாறினார்கள். நேற்றுத் திருத்தியவர், நாளை திருத்த இருந்தவர் என்ற வேறுபாடு நான்கு மாதத்தில் தானாகக் கரைந்தது. அரசு ஒரே நாளில் செய்ய முயன்று உடைத்ததை, சந்தை பேரம் பேசித் தீர்த்துக்கொண்டது. குறையும் இருந்தது. புதிய நாணயம் வருமுன் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொள்வோம் என்று கடைசி வாரங்களில் பலர் யுஆர்வி விலையையே உயர்த்தினார்கள்.

1994 ஜூலை 1 அன்று யுஆர்வி ‘ரியல்’ என்ற நாணயமானது. விகிதம்: ஒரு ரியலுக்கு 2,750 க்ருஸெய்ரோ ரியல். இந்த எண்ணைக் கவனியுங்கள். 1986இல் ஆயிரம், 1989இல் ஆயிரம், 1993இல் மறுபடி ஆயிரம் என்று வட்டமான எண்ணால்தான் வகுத்தார்கள். சுழியம் வெட்டுவது நோட்டை அச்சிடுபவருக்கு வசதி, வேறொன்றுமில்லை. 2,750ஐ யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நான்கு மாத விலையேற்றம் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது. பணவீக்கம் ஜூனில் 47 சதவீதம், ஜூலையில் 7க்கும் கீழே, ஆகஸ்டில் 2க்கும் கீழே. அக்டோபரில் கார்டோசோ அதிபர் தேர்தலில் முதல் சுற்றிலேயே வென்றார்.

வெற்றிக்கும் ஒரு செலவு உண்டு. வங்கிகள் அதுவரை வட்டியில்லாமல் கையில் தங்கும் பணத்தை ஒரே இரவில் முதலீடு செய்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 சதவீதம் அளவுக்குச் சம்பாதித்து வந்தன. அந்த வருமானம் 1995இல் மறைந்தது. அந்த வருடமே எகொனொமிகோ, நாசியோனால் என்ற இரண்டு பெரிய வங்கிகள் விழுந்தன. மத்திய வங்கி ப்ரோயெர் என்ற மீட்புத் திட்டத்தைக் கொண்டுவந்து, நல்ல சொத்தை வேறொரு வங்கிக்கும் கெட்ட கடனைத் தன் பக்கத்துக்கும் பிரித்துப் போட்டது. நாணயத்தை டாலரோடு இறுக்கிக் கட்டியதன் விலை இன்னும் தாமதமாக வந்தது. 1999 ஜனவரியில் அந்தக் கட்டை அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று.

நாணயத்தைக் காப்பாற்றிவிட்டுச் சேமித்தவர்களைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி காட்டியது. 1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வெளியானது. ஒரு ரென்டன்மார்க்குக்கு ஒரு லட்சம் கோடி காகித மார்க். நிலத்தின் மீதும் தொழில்களின் மீதும் போட்ட அடமானம்தான் அதற்கு ஈடு. நிலத்தை யாரும் அந்த நோட்டைக் கொடுத்து வாங்கிவிட முடியாது. ஆகவே அந்த ஈடு பெரும்பாலும் நம்பிக்கைக்கான சின்னம்தான். உண்மையில் வேலை செய்தது உச்சவரம்பு: நோட்டு இத்தனைதான், அரசுக்குக் கடன் 120 கோடிதான், அதற்குமேல் ஒரு காசு கிடையாது. அரசு கேட்டபோதும் மறுத்தார்கள். நாணயம் நின்றது.

ஆனால் முதல் உலகப் போருக்கு முன் கடன் பத்திரத்திலும் அடமானத்திலும் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? கடன் வாங்கியவர் ஒரு ரொட்டிக்கும் காணாத காகிதத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள முடிந்தது. நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் இது நியாயமில்லை என்று தீர்ப்பளித்தது. அரசு 1924 பிப்ரவரியில் 15 சதவீதம் தருவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் 1925 சட்டத்தில் அடமானங்களுக்கு 25 சதவீதம் ஆக்கியது. அசலைத் திருப்புவது 1932வரை தள்ளிப்போனது. அரசின் சொந்தப் பத்திரங்களுக்கு வெறும் 2.5 சதவீதம். கடனாளிகளிலேயே பெரிய கடனாளி அரசுதான் என்பதை யாரும் கவனிக்காமல் இல்லை. 1926இல் சேமித்தவர்களின் மறுமதிப்பு உரிமைக்கென்றே ஒரு கட்சி தொடங்கப்பட்டது. நடுத்தர வர்க்கம் வழக்கமான கட்சிகளை விட்டு விலகியதில் இந்தக் கசப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நூறு சதவீதம் கொடுத்திருக்க முடியாது, நாடு போரில் தோற்றிருந்தது. ஆனால் ஒரே முறை, ஒரே விகிதம், தெளிவான தேதி என்று முடித்திருந்தால் காயம் இவ்வளவு நாள் சீழ் பிடித்திருக்காது. இரண்டு வருடம் பேரம் பேசவிட்டதுதான் பெரிய பிழை என்பேன்.

அதே ஜெர்மனி 1990இல் எதிர்த்திசையில் தவறியது. கிழக்கு ஜெர்மனியின் மார்க்கை மேற்கின் மார்க்காக மாற்றும் நாள் ஜூலை 1. ஏற்றுமதியில் ஒரு மேற்கு மார்க் ஈட்ட, கிழக்கின் ஆலைகளுக்கு நான்குக்கும் மேற்பட்ட கிழக்கு மார்க் செலவாகி வந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டன. சேமிப்பில் சிறுவர்களுக்கு 2,000, பெரியவர்களுக்கு 4,000, அறுபது கடந்தவர்களுக்கு 6,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, அதற்குமேல் இரண்டுக்கு ஒன்று. வயதுப்படி வரம்பு வைத்தது நல்ல சிந்தனை. ஆனால் சம்பள விகிதம் ஆலைகளை ஒரே நாளில் கடனாளியாக்கியது. தொழில் உற்பத்தி ஏறத்தாழ பாதியாக விழுந்தது.

அரசுக்கு வேறு வழி இருந்ததா என்றால், குறைவுதான். மார்க் வராவிட்டால் நாங்கள் மார்க்கைத் தேடிப் போவோம் என்று தெருவில் கோஷம் போட்டார்கள். எல்லை திறந்திருந்தது. சம்பளத்தைக் குறைவான விகிதத்தில் மாற்றியிருந்தால் இளைஞர்கள் மேற்கே கிளம்பியிருப்பார்கள். ஆட்கள் நகர முடிகிற இடத்தில் விகிதத்தைப் பொருளாதாரம் மட்டும் தீர்மானிக்க முடியாது.

ஸ்பெயின் வேறு கோணத்தில் வந்தது. சர்வாதிகாரி பிராங்கோ இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1977 ஜூனில்தான் முதல் ஜனநாயகத் தேர்தல். பணவீக்கம் வருடத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிரதமர் அடோல்ஃபோ சுவாரெஸின் மோன்க்லோவா மாளிகையில், அக்டோபர் 25 அன்று நாடாளுமன்றக் கட்சிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏப்ரலில்தான் சட்டபூர்வமாக்கப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் சாந்தியாகோ கரியோவும் அதில் இருந்தார். ஒப்பந்தத்தின் நடுநாயகம் ஒரு சின்ன மாற்றம்: இனி சம்பள உயர்வு கடந்த வருட விலையேற்றத்தைப் பார்த்து அல்ல, வரப்போகும் வருடத்துக்கு எதிர்பார்க்கும் விலையேற்றத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படும். உச்சம் 22 சதவீதம். பின்னால் பார்த்துக் கேட்டால் பணவீக்கம் தன்னைத்தானே தொடர்ந்து ஊட்டிக்கொள்ளும். முன்னால் பார்த்துக் கேட்டால் இறங்க வழி கிடைக்கும். இதற்குப் பதிலாகத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது வருமான வரிச் சீர்திருத்தம், வரி ஏய்ப்பைக் குற்றமாக்கும் சட்டம், அரசியல் உரிமைகள். வரிச் சட்டத்தை நவம்பரிலேயே நிறைவேற்றியது முக்கியம். தியாகம் கேட்டவர்கள் தங்கள் பக்கத்தையும் முதல் மாதத்திலேயே காட்டினார்கள். வேலையின்மையை மட்டும் அந்த ஒப்பந்தத்தால் தடுக்க முடியவில்லை. 1980களின் நடுவில் அது 20 சதவீதத்தைத் தாண்டியது.

தென்னாப்பிரிக்காவில் மாற்ற வேண்டியிருந்த பழைய வாக்குறுதி பணமே அல்ல, பதவி. நிறவெறி அரசின் ராணுவமும் காவல்துறையும் அதிகாரிகளும் தங்கள் வேலையும் ஓய்வூதியமும் போகும் என்று பயந்தால் பேச்சுவார்த்தையைக் கவிழ்க்கும் சக்தி அவர்களிடம் இருந்தது. 1992இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜோ ஸ்லோவோ ஒரு யோசனையை முன்வைத்தார்: குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அதிகாரப் பகிர்வு, இருக்கும் அரசு ஊழியர்களுக்கு வேலை உத்தரவாதம். காலம் முடிந்ததும் பகிர்வு தானாக அணையும். சொன்னவர் வலதுசாரியாக இருந்திருந்தால் மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கேட்டிருக்காது. 1993 இடைக்கால அரசமைப்பில் இது எண்களாக இறங்கியது: 400 பேர் கொண்ட அவையில் 20 இடம் பெற்ற கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு, 80 இடம் பெற்றால் துணை அதிபர் ஒருவரை நியமிக்கும் உரிமை, எல்லாம் 1999வரை. நிரந்தர அரசமைப்பு முன்பே ஒத்துக்கொண்ட 34 கொள்கைகளுக்குப் பொருந்துகிறதா என்று அரசமைப்பு நீதிமன்றம் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 1996 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் முதல் வரைவைத் திருப்பி அனுப்பியது. திருத்திய வரைவை டிசம்பரில் ஏற்றது. நிறவெறி ஆட்சியை நடத்திய தேசியக் கட்சியோ 1996 ஜூனிலேயே கூட்டரசை விட்டுத் தானாக வெளியேறிவிட்டது. உத்தரவாதம் எழுத்தில் இருந்தது, அதைக் கடைசிவரை பயன்படுத்த வேண்டிய பயம் அப்போது இல்லை.

நிலத்துக்கு இதுபோல் ஒரு விதி எழுதப்படவில்லை. 1913 ஜூன் 19க்குப் பின் இன அடிப்படையில் பறிக்கப்பட்டதை மட்டும் கேட்கலாம், கோரிக்கையை 1998 டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று வரையறுத்தார்கள். மற்றபடி விற்க விரும்புகிறவரிடம் சந்தை விலைக்கு வாங்கித்தான் நிலத்தைப் பகிர வேண்டியிருந்தது. வெள்ளையர் கையிலிருந்த வேளாண் நிலத்தில் 30 சதவீதத்தை ஐந்து வருடத்தில் மாற்றுவது இலக்கு. தேதி 2014க்குத் தள்ளப்பட்டு, அதுவும் தவறியது. யார், எந்த நிதியில், எந்த விகிதத்தில் இழப்பீடு தருவது என்பது 1994இல் பேசி முடிக்காமல் விட்ட கேள்வி. சில சூழ்நிலைகளில் இழப்பீடின்றியும் நிலம் கையகப்படுத்த வழிசெய்யும் சட்டத்தில் அதிபர் சிரில் ராமபோசா கையெழுத்திட்டபோது 2025 ஜனவரி ஆகியிருந்தது.